ஒரு ஜாயின்ட்டையும் விடாதவர்

என் அக்காவைக் கட்டியவர் மறுவீட்டு விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, இலையில் வைத்ததையெல்லாம் ஒரு ஓரத்திலிருந்து வரிசையாகச் சாப்பிட்டார். முதலில் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். அப்புறம் ஊறுகாய். அப்புறம் பச்சடி, கூட்டு, பொரியல், அப்பளத்தில் ஒரு மூலை. சாதத்துக்கு அவர் வந்து சேர்வதற்குள் சாம்பார் ஆறிவிட்டது. அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு, "டேய், இன்னாடா இது, மருந்து கிருந்து வெச்சிருக்கோமான்னு பாக்கறாரா?" என்று கேட்டாள். அவர் விஷயத்தில் எனக்குப் பதில் தெரியாமல் போனவற்றில் அது முதலாவது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அக்கா இன்னும் கண்ணாடி போட்டுக்கொண்டு கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறாள். மாமா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர் தன் வாழ்க்கையில் விடவே கூடாது என்று பிடித்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று, டர்பைன் பக்கத்து வேலை. அது போனதில் எனக்குப் பங்கு உண்டு. நான் செய்தது சரியா தப்பா என்று இத்தனை வருஷம் மாற்றி மாற்றி யோசித்தாயிற்று. காலையில் சரி என்று தோன்றினால் சாயங்காலம் தப்பு என்று தோன்றுகிறது.

மாமா கடலோரத்தில் ஒரு அனல்மின் நிலையத்தில் ஃபிட்டர். நிலக்கரியை எரித்துத் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுற்றவைத்துக் கரண்ட் எடுக்கிற இடம். அக்காவுக்கு எங்கள் ஊர் ஆரணியிலேயே பள்ளிக்கூட வேலை. அதனால் அவள் எங்களோடு இருந்தாள், மாமா அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவார். எழுபதுகளின் கடைசி அது. நான் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுப் பட்டு முறுக்கும் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். தறிக்காரர்களுக்குப் பாவுக்கும் ஊடைக்கும் நூலை முறுக்கித் தருகிற வேலை. கரண்ட் இல்லாமல் நடக்காது. அந்த நாளில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் எனக்கு அதிகம் ஞாபகம் இருக்கிறது.

தெருவுக்கு இது போதாதா? மாமா பையோடு முனை திரும்பும்போதே, "இன்னா மாப்ள, வரும்போது பையில கொஞ்சம் கரண்ட் எடுத்தாரக் கூடாதா?" என்பார்கள். மாமா எல்லோருக்கும் ஒரே மாதிரி சிரிப்பார். நானும் விட மாட்டேன். "மாமா, நீங்க அங்க கண்ணசந்தா எனக்கு இங்க மிஷினு நிக்குது" என்பேன். அதற்கும் அதே சிரிப்புதான். கிண்டலைப் புரிந்துகொண்டு சிரிக்கிறாரா, புரியாமல் சிரிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான். எதையும் ஊகிக்க மாட்டார், நடுவில் ஒன்றைத் தாண்டியும் போக மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சைக்கிள் டியூபுக்கு ஓட்டை பார்க்க உட்கார்ந்தார். காற்றடித்த டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் கொஞ்ச நேரத்திலேயே குமிழி வந்துவிட்டது. "கெடைச்சிடுச்சி மாமா, ஒட்டிடுங்க" என்றேன். அவர் அந்த இடத்தில் ஒரு தீக்குச்சியைச் செருகி அடையாளம் வைத்துவிட்டு, மீதி டியூபையும் அங்குலம் அங்குலமாக அமுக்கிக்கொண்டே போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"மொத ஓட்ட கெடைச்ச ஒடனே எல்லாரும் எழுந்து போயிடறாங்க மச்சான். ரெண்டாவது ஓட்ட அதுக்குத்தான் கம்முனு காத்துகினு இருக்கும்."

அன்று இரண்டாவது ஓட்டை எதுவும் இல்லை. எனக்கு ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம். இட்லித் தட்டில் எல்லாக் குழியும் ஒரே மாதிரி வெந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்து அக்காவிடம் கரண்டியால் அடி வாங்கியிருக்கிறார். கொசுவலை கட்டினால் நாலு பக்கமும் தடவிப் பார்த்த பிறகுதான் படுப்பார். எங்கள் வீட்டில் அவரை வைத்துச் சிரிக்காத நாளில்லை.

அங்கேயும் அவருடைய வேலை இதுதான் என்பது ஒரு நாள் இளநீர் குடிக்கும்போது தெரிந்தது. அப்போதெல்லாம் பப்பாளிக் காம்பை வைத்துத்தான் உறிஞ்சுவோம். மாமா என் கையிலிருந்த காம்பை வாங்கி, நடுவில் நகத்தால் ஒரு கீறல் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப குடி பாக்கலாம்."

உறிஞ்சினேன். வாய் நிறையக் காற்றுதான் வந்தது.

"இதான் மச்சான் எங்க பேஜாரு. டர்பைன சுத்திட்டு வர்ற ஆவி கீழ ஒரு பெரிய பொட்டிக்குள்ள போவுது. கண்டென்சருன்னு பேரு. அதுக்குள்ள கொழாய்ல கடத்தண்ணி ஓடிகினே இருக்கும். ஆவி ஜில்லுனு பட்டு தண்ணியாயிடும். அவ்ளோ ஆவி இத்தினி தண்ணியா சுருங்கிட்டா பொட்டிக்குள்ள இன்னா இருக்கும்? ஒண்ணுமே இருக்காது. அந்த ஒண்ணுமில்லாததுதான் மேலேர்ந்து ஆவிய இஸ்துகினே இருக்குது. எவ்ளோ நல்லா இழுக்குதோ அவ்ளோ நல்லா டர்பைன் சுத்தும். எங்கனா ஒரு ஜாயின்ட்டுல மயிரிழ சந்து இருந்துச்சின்னா வெளிக்காத்து உள்ள பூந்துடும். அப்புறம் அதே கரிக்குக் கரண்ட் கொறைஞ்சிடும்."

"கொறைஞ்சா இன்னா பண்ணுவீங்க?"

"இன்னும் கரியப் போடுன்னுவாங்க. சந்த அடைக்காம கரியக் கொட்டினா ஆச்சா?"

அந்தச் சந்தைக் கண்டுபிடிப்பதுதான் பாடு என்றார். ஆவி வெளியே வந்தால் கண்ணுக்குத் தெரியும். காற்று உள்ளே போவது யாருக்குத் தெரியும்? சிலர் மெழுகுவத்தி காட்டிச் சுடர் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்ப்பார்களாம். பக்கத்து ஜெனரேட்டரில் ஹைட்ரஜன் வாயு இருப்பதால் நெருப்பைக் கொண்டுபோகப் பயம். மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உஸ் என்று சத்தம் வருகிறதா என்று தேடுவார்களாம். இதைச் சொல்லிவிட்டு மாமா என் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"உங்கிட்ட இருக்கறதுலயே லேசான நூலு எது மச்சான்?"

முறுக்காத பச்சைப் பட்டில் ஒரு கை கொடுத்தனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வந்து, நூல் விறைத்துக்கொண்டு நிற்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பச்சைப் பட்டில் பசை இருக்கும். சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசையைப் போக்கினால்தான் அது பட்டாகும். நானே ஒரு சிட்டம் நூலை வேகவைத்து, இழை இழையாகப் பிரித்து, சாயக்காரரிடம் கொடுத்து அரக்குச் சிவப்பில் தோய்த்து வாங்கினேன். அங்கே எல்லாம் வெள்ளி நிறத் தகடு போர்த்தியிருக்கும், வெள்ளை நூல் தெரியாது என்று மாமா சொல்லியிருந்தார். ஒரு தென்னங்குச்சியின் நுனியில் ஒற்றை இழையைக் கட்டி, எங்கள் வீட்டு ஜன்னல் சாத்தியிருந்த இடுக்கெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு காட்டினார். ஓரிடத்தில் இழை தானாக வளைந்து உள்ளே தலையை நீட்டியது. மாமா கண் கலங்கிப் போனார். நூலோடேயே பிறந்து வளர்ந்தவன் நான், எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

மாப்பிள்ளை சிவப்பு நூலும் துடைப்பக் குச்சியும் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார், யாருக்கோ செய்வினை வைக்கிறார் என்று தெருவில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. அடுத்த தடவை அவர் வந்தபோது பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஓட்டமும் நடையுமாக வந்தார். பெரிய ரிப்பேருக்குப் பிறகு ஒரு டர்பைன் பல நாளாகச் சரியாக இழுக்கவில்லையாம். இன்ஜினியர்கள் தேடாத இடமில்லையாம். மாமா உச்சியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு ஜாயின்ட்டாக இறங்கியிருக்கிறார். ஏற்கெனவே பார்த்து முடித்ததையும் திரும்பப் பார்த்திருக்கிறார். கடைசியில் வெப்பமானி செருகுகிற ஒரு துளையில், மேலே போர்த்திய தகட்டுக்கு அடியில் சந்து. இறுக்கியதும் மீட்டரில் முள் ஏறியது என்று, ஆள்காட்டி விரலை மெல்ல உயர்த்திக் காட்டினார். ஆரணிப் பட்டால் கரண்ட் வருகிறது என்று நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இத்தனை நுணுக்கமான ஆள் மற்ற நேரத்தில் ஏன் அப்படி இருந்தார் என்பதுதான் எங்களுக்குப் புரியாத விஷயம். ஒன்று கேட்டால் இன்னொன்றுக்குத் தலையாட்டுவார். சமயத்தில் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். ஒரு நாள் மத்தியானம் கூடத்தில் அவர் தனியாக இருக்கும்போது எட்டிப் பார்த்தேன். ஒரு நீளக் கரண்டியின் காம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறு முனையை டிரான்சிஸ்டர் பெட்டிமேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்தவழியே திரும்பிவிட்டேன். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது?

அக்காவுக்குத் தனியாக ஒரு துக்கம் இருந்தது. ஒரு நாள் மாவு அரைத்துக்கொண்டே சொன்னாள்.

"டேய், அவருக்கு என்னப் புடிக்கலடா."

"இன்னாக்கா பேசற?"

"பின்னால நின்னு கூப்புட்டா திரும்பிகூடப் பாக்க மாட்டேங்கறாரு. அடுப்பாண்ட நின்னுகினு ஸ்கூல் கத எல்லாம் சொல்றேன், ஒரு உம் கூட கெடையாது. செவுத்துகிட்ட பேசற மாதிரி இருக்குது. ரெண்டு நாளிக்கி வர்ற மனுஷன். அந்த ரெண்டு நாளும் இப்படின்னா நான் இன்னாடா பண்ணட்டும்?"

நான் என்ன சொல்லித் தேற்றினேன் என்று ஞாபகம் இல்லை. அதற்குப் பிறகு அக்கா அவரிடம் பேசுவது குறைந்துகொண்டே வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

காரணம் என் ஷெட்டில்தான் தெரிந்தது. கரண்ட் போயிருந்த நேரம். மாமா மோட்டார் பக்கம் குனிந்து பெல்ட்டை ஒவ்வொரு தையலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டு தொங்கியது. சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. திடீரென்று கரண்ட் வந்துவிட்டது. நான் கத்தினேன். நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் கத்தினார்கள். அவர் திரும்பவில்லை. பாய்ந்துபோய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். துண்டு பெல்ட்டோடு போய் நார் நாராக வந்தது. மாமா என்னைப் பார்த்தார், முகத்தை அல்ல, வாயை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷமாக அவர் எல்லோருடைய வாயையும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பெண்களை அனுப்பிவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"எவ்ளோ நாளா மாமா?"

"கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்தே. டர்பைன் சத்தம். பாதிக்கு மேல போயிடுச்சி. கரண்டியப் பல்லுல கடிச்சி வெச்சாத்தான் ரேடியோ பாட்டே கேக்குது."

"அக்காகிட்ட ஏன் சொல்லல?"

"அவ வாத்தியாரம்மா. மறைக்க வராது. அவ அம்மாகிட்ட சொல்லுவா, அது குவார்ட்டர்ஸ் வரிக்கும் வந்துடும். மெடிக்கல்ல காது இல்லன்னு எழுதிட்டா தூக்கிப் போய் ஸ்டோர்ஸ்ல ஒக்கார வெச்சிருவாங்க. டர்பைன வுட்டுட்டு நான் இன்னா பண்ணுவேன் மச்சான்? எனக்கு வேற இன்னா தெரியும்? யார்கிட்டயும் சொல்லாத. உன் காலப் புடிக்கறேன்."

உண்மையாகவே குனிந்துவிட்டார். நான் பதறிப்போய்ச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். வருஷா வருஷம் டாக்டர் முதுகுப்பக்கம் நின்று எண்களைச் சொல்லச் சொல்ல, எதிரே நின்ற ஆஸ்பத்திரி சிப்பந்தி விரலைக் காட்டி இவரைத் தேறவைத்துவிடுவானாம். அதைக் கேட்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் எனக்குக் கோபம் வந்தது. எங்களை ஏமாற்றித்தானே கட்டிக்கொண்டார்? அக்கா அழுகிறாளே? அப்புறம் அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாக இருந்தது. மற்றவர்கள் சத்தம் வரும் இடத்துக்கு ஓடுவார்கள், இவருக்கு அந்த வழி கிடையாது, அதனால்தான் ஒன்றும் விடாமல் போகிறார் என்று புரிந்தபோது என்ன நினைப்பது என்றே தெரியவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அக்காவும் நானும் அங்கே போனோம். அன்று ஒரு நாள் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். தூணுக்குத் தூண் வாழைக்கன்று, டர்பைன் மூடிக்கு விபூதிப் பட்டை, குங்குமம். ஒரு டர்பைன் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? நெஞ்சுக்குள்ளேயே மிஷின் ஓடுவது போல இருந்தது. அக்கா என் காதில் வாயை வைத்துக் கத்தியும் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் கையாலும் வாயசைவாலும் பேசினார்கள். அங்கே மாமா வேறு ஆள். நாலு தூண் தள்ளி நிற்பவன் அடித்த ஜோக்குக்குச் சிரித்தார். அக்கா என்னைப் பார்த்து, புடவையில் கரி ஒட்டிவிட்டதே என்று சொன்னதை எட்ட நின்றே கவனித்துத் துணி கொண்டுவந்து கொடுத்தார். அக்கா பிரமித்துப் போனாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

பூஜை முடிந்ததும் எல்லா வண்டிகளுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நகர்த்துவது போல, மேலே ஓடுகிற கிரேனையும் சாஸ்திரத்துக்குக் கொஞ்ச தூரம் ஓட்டினார்கள். மாலை போட்ட பெரிய கொக்கி தாழ்வாகத் தொங்கிக்கொண்டு வந்தது. மணி அடித்தது. எல்லோரும் விலகினார்கள். மாமா முதுகைக் காட்டிக்கொண்டு, சிவப்பு இழையை ஒரு ஜாயின்ட்டில் பிடித்து அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெரிய மீசைக்காரர் ஒருவர், யாருடனோ பேசிக்கொண்டே, மாமாவின் பெல்ட்டைப் பிடித்து ஒரு அடி பின்னால் இழுத்தார். கொக்கி கடந்து போயிற்று. மாமா விட்ட இடத்திலிருந்து விளக்கத்தைத் தொடர்ந்தார்.

வெளியே வந்ததும் மீசைக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க. அண்ணனுக்கு நாங்க நாலு பேரு காது. ஒவ்வொரு ஷிப்ட்டுலயும் ஒருத்தராவது கூட இருப்போம்" என்றார்.

"ஒருத்தரும் இல்லாத அன்னிக்கி?"

"அப்படி ஒரு நாளு வராதுங்க" என்று சொல்லிவிட்டுப் பொரிகடலை வாங்கப் போய்விட்டார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. அடுத்த வாரம் தெள்ளாரில் ஒரு கல்யாணம், அம்மாவோடு போயிருந்தேன். அங்கே தபாலாபீசில் ஒரு கவர் வாங்கி, கையெழுத்தை மாற்றிக் கொட்டை எழுத்தில், இன்ன ஃபிட்டருக்குக் காது கேட்காது, வெளியூர் டாக்டரை வைத்துப் பார்க்கவும் என்று மின் நிலைய ஆபீசுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். என் பெயர் எழுதவில்லை. அவர் உயிருக்குப் பயந்து எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அக்காவின் துக்கம் தீரட்டும் என்று எழுதினேன் என்றும் சொல்லலாம். இன்னொன்றும் உண்டு. பூஜையன்று ஒரு இன்ஜினியர் மாமாவின் தோளைத் தட்டி, பட்டு இழை யோசனை இவருடையதுதான் என்று எங்களிடம் சொன்னார். மாமா சிரித்துக்கொண்டு நின்றார். வேகவைத்துக் கொடுத்தவன் பக்கத்தில்தான் நிற்கிறான் என்று சொல்லவில்லை. அது அன்று எனக்குச் சுருக்கென்று தைத்தது. மூன்றில் எது என் கையை எழுதவைத்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மொட்டைக் கடுதாசி வந்திருக்கிறது என்று வெளியூர் டாக்டரை வைத்துப் பார்த்து, கொஞ்ச நாளில் மாமாவை ஸ்டோர்ஸில் போட்டுவிட்டார்கள்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. முதலில் அழுதாள். அப்புறம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அப்புறம் எதிரே வந்து நின்று, முகத்துக்கு நேராகப் பேச ஆரம்பித்தாள். மூன்று வருஷக் கதையும் முதலிலிருந்து சொன்னாள் போலிருக்கிறது. கூடத்திலிருந்து இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. "எந்தப் புண்ணியவான் எழுதினானோ, நல்லா இருக்கணும்டா" என்று அக்கா என்னிடமே சொன்னாள். நான் தலையை ஆட்டிவைத்தேன்.

மாமா இளைத்துப் போனார். ஸ்டோர்ஸில், ஜாயின்ட்டுக்கு நடுவில் வைக்கிற கேஸ்கெட்டுகளை அடுக்கிக் கேட்பவருக்கு எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. இழையை இப்போது வேறு ஆட்கள் பிடிக்கிறார்கள், சத்தம் வரும் பக்கமே ஓடுகிறார்கள், நடுவில் பாதியை விட்டுவிடுகிறார்கள் என்று புலம்புவார். பழையபடி முள் இறங்கிவிட்டது என்று மீசைக்காரர் சொன்னாராம். எண்பதுகளின் ஆரம்பத்தில் ஆரணியில் கரண்ட் போகும்போதெல்லாம், நின்ற மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, இது நான் போட்ட கடுதாசியால் போன கரண்ட் என்று நினைத்துக்கொள்வேன். நீ என்ன அவ்வளவு பெரிய ஆளா என்றும் கேட்டுக்கொள்வேன்.

எழுதியது யார் என்று மாமா தேட ஆரம்பித்தார். எப்படித் தேடுவார்? வரிசையாகத்தான். ஆபீசில் தெரிந்த கிளார்க் கவரைக் காட்டியிருக்கிறார். தெள்ளார் முத்திரை. சனிக்கிழமை வந்து என் ஷெட்டில் உட்கார்ந்து, யாரையெல்லாம் கழித்துவிட்டேன் என்று என்னிடமே சொல்வார்.

"மீசக்காரன் இல்ல மச்சான். அந்த வாரம் பூரா டூட்டில இருந்தான். ஆஸ்பத்திரி ஆளுக்கு எழுதவே வராது. கிரேன் ஓட்றவன் ஊரு திருச்சிப் பக்கம்."

இரண்டு வாரம் கழித்து வேறு நாலு பேர். அவசரமே படமாட்டார். ஒருவரையும் வாய்க்கு வந்தபடி குற்றம் சொல்ல மாட்டார். அங்கேயிருந்த ஆட்கள் முடிந்து, என் ஷெட்டில் வேலை செய்த பெண்களுக்கு வந்தார், எங்கள் தெருவுக்கு வந்தார். தெள்ளாரில் யாருக்குச் சொந்தம், அந்த வாரம் யார் போனார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கல்யாணத்துப் பத்திரிகை அவர் கையிலும் இருந்தது. சனிக்கிழமை அவர் முனை திரும்புவதைப் பார்த்தால் மிஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொள்வேன். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். அவர் என் வாயைப் பார்ப்பார். உடனே கரண்டைப் பற்றிப் பேசிவிடுவேன்.

அந்த நாளில்தான் அவருக்குக் காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்திருந்தாள் அக்கா. சட்டைப் பையில் தீப்பெட்டியைவிடப் பெரிய பெட்டி ஒன்று இருக்கும், அதிலிருந்து ஒரு ஒயர் காதுக்குப் போகும். பெட்டியின் ஓரத்தில் சின்னச் சக்கரம். திருப்பினால் சத்தம் கூடும், குறையும், அடியோடு நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரை வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் வரவில்லை. சிமென்ட் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"எல்லாரையும் பாத்துட்டேன் மச்சான்" என்றார். "இன்னும் ஒருத்தர்தான் பாக்கி."

"யாரு மாமா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். "போதும்னு வுட்டுட்டேன்" என்றார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "மாமா, அந்த லெட்டரு..." என்று ஆரம்பித்தேன்.

மாமா சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டுச் சக்கரத்தைத் திருப்பினார். டக் என்று அது நிற்பது எனக்குக் கேட்டது. பிறகு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தெள்ளார், கொட்டை எழுத்து, கிரேன், அக்கா அழுதது, இன்ஜினியர் தோளைத் தட்டியது, ஒன்று விடாமல். மன்னிச்சிடுங்க மாமா என்று அழுதேன். எதிர் பெஞ்சில் முறுக்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் என்னையே பார்த்தாள். மாமாவின் பக்கவாட்டு முகம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. நான் முடித்து மூக்கைத் துடைத்துக்கொள்ளும் வரையில் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சக்கரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எழுந்தார். "பஸ்ஸு வந்துடுச்சி மச்சான். ஜல்தி போயி ஒரு சீட்டு புடி" என்றார்.

நான் ஓடிப்போய் ஜன்னலோரமாக என் துண்டைப் போட்டு இடம் பிடித்துக் கொடுத்தேன்.